திருப்பி வைத்த மரம்

ஐஸ் குச்சிகளை ஒட்டி ஜிகினாத்தூள் தூவி ஒன்பது நட்சத்திரங்கள் செய்தேன். என் மூத்த ஓரகத்தி ஜசிந்தா தெர்மகோல் உருண்டைகளுக்குக் கம்பளி நூல் சுற்றினாள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் மரமாக மணல் வாளியில் நட்டிருந்த சவுக்குக் கிளையில் அவளுடையதையெல்லாம் வாசலைப் பார்க்க மாட்டினார் மாமியார். என் நட்சத்திரங்கள் சுவரைப் பார்த்தன. “அந்தப் பக்கம் வெறுமையா இருக்குல்ல, பெனிட்டா.”

கேரல் பாட வருகிறவர்களின் மேளம் தெருமுனையில் கேட்டதும், யாருக்கும் தெரியாமல் வாளியைத் திருப்பி வைத்தேன்.

பாடி முடித்ததும், அவர்களைக் கூட்டி வந்த சர்ச் உபதேசியார் மரத்தருகே குனிந்தார். “அடேயப்பா, யாரு கைவேலை?”

“வேற யாரு, எங்க மூத்தவதான்.” மாமியார் மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜசிந்தா முந்திக்கொண்டாள். “ஐயோ இல்லத்தே, இதெல்லாம் பெனிட்டா செஞ்சது.” அதையும் அவள்தான் சொல்ல வேண்டுமா?

மாமியார் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். “பாத்தீங்களா, தான் செஞ்சதைக்கூட விட்டுக்குடுக்கிற மனசு!”

ஜசிந்தா கையிலிருந்த கேக் தட்டை வெடுக்கென்று வாங்கி, நானே உபதேசியாரிடம் நீட்டினேன். என் பத்து விரல்களிலும் ஜிகினா மின்னியது. அவர் கேக்கை எடுத்துக்கொண்டு ஜசிந்தாவைப் பார்த்துப் புன்னகைத்தார்.