முதலில் பார்த்தவர்

2002இல் அன்வர் உத்திரமேரூரில் பிரவுசிங் சென்டர் நடத்தினார். யாரேனும் ஒருமுறை பார்த்த பக்கத்தை அவருடைய பிராக்ஸி கணினி சேமித்துவைத்து, இணைய லைன் இல்லாதபோதும் காட்டும்.

லைன் அறுந்த ஒரு மழைநாளில் தமிழ்வாணன் ஓடிவந்தான். "பாய், என் சம்சாரம் பிரசவத்துல கீது. ஓ நெகட்டிவ் ரத்தம் கேக்கறாங்க!"

சேமிப்பில் ரத்ததானம் செய்பவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஒருவர் பக்கத்துத் தெருக்காரர். தகவல் கிடைத்ததும் அவர் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிப் போனார்.

மாலையில் தமிழ்வாணன் அன்வரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ரெண்டு உசுரும் பொயச்சிக்கிச்சி. அந்தப் பட்டியல மொதல்ல பாத்தவங்களுக்கும் நான் கும்புட்டதா சொல்லிடுங்க பாய்."

எந்தக் கணினி எந்தப் பக்கத்தைக் கேட்டது என்று பிராக்ஸி குறித்துவைத்த பதிவை அன்வர் திறந்து பார்த்தார். முந்தின நாள் பகலில் அந்தப் பக்கத்தைக் கேட்டது ஐந்தாவது கணினி. கடையில் இருந்தவை நான்குதான்.

மறுநாள் நான்காவது கணினிக்கு அடுத்து, சுவரோரம் காலியாக இருந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டார். அதில் யாரையும் உட்காரவிடவில்லை.