ஈட்டிக்கு ஏழு

"ஈட்டிக்கு ஏழுன்னு எழுதினது தப்பு மாமா."

மருமகள் சொன்னதும் மேஜையில் உருண்டுகொண்டிருந்த பகடைகூட ஒரு கணம் நின்று கேட்ட மாதிரி இருந்தது. மாமனாரின் ஆட்ட விதி நோட்டைப் பார்த்துத் தப்பு என்று சொன்ன ஆள் அந்த வீட்டில் இதுவரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து மேஜையைத் துடைத்தால் அதுவே போர்க்களம். தாள், பென்சில், இருபது முகப் பகடை வைத்து ஆடும் கற்பனைச் சண்டை. ஆளுக்கொரு போராளியை எழுதி வைத்துக்கொள்வார்கள். பூதங்களை நடத்துவதும் விதி சொல்வதும் மாமனார். நில அளவையராக முப்பது வருஷம் சங்கிலி இழுத்தவர். ஊரான் போட்ட விதி நமக்கெதற்கு என்று ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தானே வேக எண் போட்டிருந்தார். குத்துக்கத்தி இரண்டு, வாள் ஐந்து, ஈட்டி ஏழு. சின்ன எண்ணுக்குத்தான் முதல் அடி.

கல்யாணமாகி வந்த ஒரு மாதமாக மருமகள் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்து, குணம் எழுதி உருவாக்கிய போராளிக்கு இப்போது மூன்றே உயிர்ப்புள்ளி பாக்கி. எதிரே குகை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பூதம். ஒரு பக்கம் ஈட்டி, ஒரு பக்கம் குத்துக்கத்தி. யார் முந்துகிறாரோ அவர்தான் மிஞ்சுவார். செத்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாதம் முடிய வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"அளந்து எழுதின விதிம்மா அது" என்றார் மாமனார்.

"எதை அளந்தீங்க?"

"எடையை. ஒவ்வொண்ணையும் தராசுல வெச்சுப் பார்த்தேன். கனமா இருக்கறது மெதுவாத்தானே வரும்?"

"நீளத்தை அளந்தீங்களா மாமா?"

நீளத்தை அளந்தே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

மேஜைக்கு அடியில் கணவன் அவள் காலை மெல்ல மிதித்தான். "விடேன். அவர் எழுதினபடியே இருந்துட்டுப் போகட்டும்."

"எப்படிங்க விடறது? கால்நடை ஆஸ்பத்திரியில நாளெல்லாம் கடிக்கிற நாயைப் பிடிக்கிறவ நான். நீளக் கம்போட போனா அது கிட்ட வர்றதுக்குள்ள சுருக்குப் போட்டுடலாம். வெறுங்கையோட வேகமாப் போனாரே எங்க டாக்டர், ஒன்பது தையல்."

"அண்ணி, நல்லா யோசிச்சுத்தான் பேசறீங்களா?" என்றான் கொழுந்தன்.

"யோசிக்க என்ன இருக்கு? அத்தை, அந்த ஒட்டடைக் கம்பை எடுங்க. மாமாவுக்கு ஒரு கரண்டி."

மாமியார் எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தவர் போலக் கொண்டுவந்து கொடுத்தார். கூடத்தின் அந்தக் கோடியில் மாமனார், கையில் கரண்டி. இந்தக் கோடியில் மருமகள்.

"மன்னிச்சுக்கங்க மாமா. வாங்க."

வந்தார். இரண்டடி வைப்பதற்குள் ஒட்டடைக் கம்பு தொப்பையில் நின்றது. வலப்பக்கம் சுற்றி வந்தார், அங்கும் கம்பு. மூன்றாம் முறை ஓடியே வந்தார். சட்டை முழுக்க ஒட்டடை.

"இருபத்தெட்டு வருஷமா எனக்குத் துணிச்சல் வரல. இவ ஒரே மாசத்துல பண்ணிட்டா" என்றார் மாமியார்.

மருமகள் கம்பைச் சுவரில் சாய்த்தாள். "கம்பைத் தாண்டி உள்ள புகுந்துட்டா அப்புறம் கரண்டிதான் ராஜா. புகுறவரைக்கும் கம்பு. அதனால முதல் அடி நீளத்துக்கு, அடுத்தடுத்த அடி வேகத்துக்கு. அப்படி எழுதுங்க."

மாமனார் சட்டையைத் தட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அவளுடைய போராளித் தாளை ஒரு தரம் பார்த்தார். "சரிதான்மா. ஆனா அடுத்த வாரத்திலிருந்து வெச்சுக்கலாமே? நடுச் சண்டையில எதுக்கு?"

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் இன்னொரு அடிகூட அந்த விதியில ஆடக் கூடாது மாமா."

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாமனார் நோட்டைத் திறந்து பழைய வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்தார். புதியதை எழுதினார். கீழே, 'திருத்தியது: மருமகள்' என்று போட்டார். மகன்கள் இருவரும் பதினைந்து வருஷம் ஆடியும் அந்த நோட்டில் அவர்கள் பேர் ஏறியதில்லை.

அப்புறம் பகடையை உருட்டினார். பத்தொன்பது.

"பூதத்தோட ஈட்டி நேரா நெஞ்சுல இறங்குது. கத்தியை ஓங்கிக்கிட்டு நிக்கிறாளே உன் ஆளு, அவ என்ன பண்றா இப்போ?"

"சாகறா மாமா" என்றாள் மருமகள், அத்தனை நிறைவாக.