சாக்ஸ்காரியின் தொப்பி

ஈரக் கால் ஷூவுக்குள் வழுக்கிக்கொண்டு போனதும் பெரியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கால் அப்படிப் போயிருக்கவே கூடாது. சிக்கியிருக்க வேண்டும்.

முதலில் நீச்சல், அப்புறம் சைக்கிள், கடைசியில் ஓட்டம் என்று மூன்றையும் மூச்சுவிடாமல் முடிக்கிற பந்தயக்காரிகள் அவளும் மற்றவர்களும். நடுவில் சாக்ஸ் மாட்ட நேரம் ஏது? அதனால் காலையிலேயே ஓட்டத்துக்கான ஷூவுக்குள் பவுடரைக் கொட்டி வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஈரக் கால் உள்ளே போக மல்லுக்கட்டும்; போனாலும் இரண்டாவது கிலோமீட்டரில் குதிகாலைக் கடித்துவிடும்.

இன்று அவள் கொட்டவில்லை.

சைக்கிளில் பாதி தூரம் போன பிறகுதான் அது ஞாபகம் வந்தது. பதினாறு வருடத் தொழிலில் நேராத மறதி. வருடத்தின் கடைசிப் போட்டி இது. ஏழு மாதம் ஓடி ஓடி, உடம்போடு சேர்ந்து புத்தியும் களைத்திருந்தது. மீதித் தூரம் முழுக்க, 'ஆண்டவனே, நீதான் பார்த்துக்கணும்' என்று முணுமுணுத்தபடியே மிதித்தாள்.

இப்போது பார்த்தால், ஷூ நிறையப் பவுடர்.

ஆண்டவன் கைவிட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. ஒருவேளை நானே போட்டுவிட்டு மறந்திருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

இந்த வருடத் தரவரிசையில் முதல் பத்துப் பேருக்குத்தான் அடுத்த வருடப் போட்டிகளில் நேரடி இடம். பத்தாவதாக அவள். ஒட்டினாற்போல் பதினோராவதாகச் சாக்ஸ்காரி. இன்று இருவரில் யார் முன்னால் முடிக்கிறார்களோ, அவர்களுக்கு அந்த இடம். முப்பத்தெட்டு வயதில் இடம் போனால் போனதுதான். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் வேலை ஒன்று தயாராக இருந்தது. நல்ல வேலைதான். இருந்தாலும் இன்னும் ஒரே ஒரு வருடம் ஓடிப் பார்க்க ஆசை.

சாக்ஸ்காரி என்பது அந்தச் சின்னப் பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். பவுடர் வாசம் பட்டாலே அவளுக்கு அடுக்குத் தும்மல் வரும். அதனால் அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் குத்தவைத்து உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

"நீ மாட்டி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடுவேன்டி."

"மீதி வைங்கக்கா. ஓடி வந்து குடிச்சிக்கறேன்."

போட்டிக்குப் போட்டி இந்த வாயாடல் இருக்கும்.

காலையில், சைக்கிளையும் ஷூவையும் விட்டுவைக்கிற அடைப்புக்குள் இருவர் சைக்கிளும் அடுத்தடுத்துதான் நின்றன. சாக்ஸ்காரியின் ரப்பர் நீச்சல் உடையில் முதுகு ஜிப் சிக்கிக்கொண்டது. பெரியக்கா கையிலிருந்த பவுடர் டப்பாவைத் திறக்காமலே கீழே வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து ஏற்றிவிட்டாள். அதற்குள் விசில். எல்லாரும் வெளியே போகலாம் என்றார் நடுவர். அடுத்தவர் பொருளில் கை வைத்தால் அந்த நிமிடமே போட்டியிலிருந்து நீக்கம் என்று வழக்கம்போல் ஒருமுறை எச்சரித்தார்.

இருவரும் தண்ணீர்ப் பக்கம் நடந்தார்கள். பாதி வழியில் சாக்ஸ்காரி நின்றாள்.

"ஐயோ, நீச்சல் கண்ணாடியை விட்டுட்டேன்க்கா!"

திரும்பி ஓடினாள்.

அது இப்போது, கடைசிச் சுற்றில்தான், பெரியக்காவின் நினைவுக்கு வந்தது.

ஏனென்றால் நாலு எட்டு முன்னால் சாக்ஸ்காரி ஓடிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் கறுப்புத் தொப்பி. காலையிலிருந்து அவள் ஷூவின்மேல் இருந்த தொப்பி. அதன் பின்பக்கம் மூன்று வெள்ளை விரல் தடங்கள்.

பவுடரைத் தொடவே தொடாதவளின் தொப்பியில்.

பெரியக்காவின் கால்கள் தம்பாட்டுக்கு ஓடின. கண் மட்டும் அந்த மூன்று விரல்களிலேயே நின்றது.

முடிவுக்கோட்டின் ஓரத்தில் அதே நடுவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்தாவது இடம் அவளுடையது.

பவுடர் போட்டுத் தந்தாள் என்பதற்காகப் பெரியக்கா விட்டுக்கொடுத்து ஓடவில்லை. விட்டுக்கொடுத்தால் அந்தப் பவுடருக்கு என்ன மரியாதை? உடம்பில் மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் திரட்டி, நுரையீரல் எரிய எரிய ஓடினாள். நாலு எட்டு மூன்றாயிற்று. மூன்று இரண்டாயிற்று.

இரண்டு ஒன்றாவதற்குள் கோடு வந்துவிட்டது.

சாக்ஸ்காரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நடுவர் அவளைப் பார்த்துதான் வந்துகொண்டிருந்தார், இருவர் பெயரையும் எழுதிக்கொள்ள.

பெரியக்கா முந்திக்கொண்டு போய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தட்டிக்கொடுப்பதுபோல் தொப்பியின் பின்பக்கத்தைத் தட்டினாள். ஒரு தட்டு. இரண்டு தட்டு. அப்புறம் உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். பெரியக்காவின் குதிகாலில் ஒரு கீறல்கூட இல்லை.

"காலைல கண்ணாடி கிடைச்சுதாடி?"

சாக்ஸ்காரி நிமிர்ந்தாள். அந்தக் கை வெள்ளையாக இருப்பதைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு தும்மல் வந்தது.

"அது கழுத்துலயேதான்க்கா இருந்துச்சு."