ரஞ்சிதம் கடைக் குழம்பு

தையல்நாயகி அந்தக் கடைக்குள் சாப்பிட நுழையவில்லை. சண்டை போடத்தான் நுழைந்தாள். உழவர்கரையிலிருந்து முத்தியால்பேட்டை வரை நடந்த வழியெல்லாம் கடைக்காரியைக் கேட்க வேண்டிய கேள்விகளை முணுமுணுத்துக்கொண்டே வந்திருந்தாள்.

"ஏம்மா, தனியாவா வந்தே? ஆம்பளைங்க நடுவுல வேணாம். இப்பிடி அடுப்பாண்ட வந்து உக்காரு" என்று கடைக்காரி ரஞ்சிதம் கையைப் பிடித்து உட்கார வைத்து இலையையும் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல உபசரிக்கிறவளை எப்படித் திட்டுவது? சாப்பிட்டுவிட்டுத் திட்டலாம் என்று தையல்நாயகி முடிவு செய்தாள்.

அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான். விழுப்புரத்துப் பக்கம் ஏரி மீனைத் தவிர வேறு மீனைப் பார்த்தறியாதவள், புருஷன் சுப்ரமணிக்காகக் கடல் மீன் ஆயப் பழகினாள். மாதத்தில் பாதி நாள் ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிற மனுஷன், உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று தினமும் தூக்கில் சோறும் குழம்பும் கொடுத்தனுப்பினாள்.

"உன் கைச் சோறு இல்லன்னா எனக்கு மில்லுல வேலையே ஓடாது தையலு" என்று அவனும் தேன் ஒழுகப் பேசினான். சாயங்காலம் தூக்கு காலியாகத்தான் திரும்பியது.

நேற்று பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு வந்து குட்டை உடைத்துவிட்டாள். தூக்குச் சோற்றைத் தின்பது மில் வாசல் காவல்காரராம். சுப்ரமணி மத்தியானமானால் ரஞ்சிதம் கடையில் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

தையல்நாயகிக்கு வயிறு எரிந்தது. பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைக்கலாமே. வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு முதுகுக்குப் பின்னால் வேறொருத்தி சோற்றைத் தின்பதா? இதைவிட ஒரு துரோகம் உண்டா?

இலையில் சோறு விழுந்தது, அதன் தலையில் குழம்பு விழுந்தது. வேண்டாவெறுப்பாக ஒரு வாய் வைத்தாள். அடுத்த வாய்க்குக் கை தானாகப் போயிற்று. புளியும் காரமும் அப்படி ஒத்துப்போயிருந்தன. பாவி மனுஷன், இதற்காகத்தான் ஓடி வருகிறானா? நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறதே இந்தக் குழம்பு!

ரஞ்சிதம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அதட்டிப் பரிமாறினாள்.

"கண்ணையன் அண்ணே, முள்ளு பாத்துத் தின்னு. பாலகுரு, சோத்த மிச்சம் வெச்சிட்டு எழுந்தே, நாளைக்கி உனக்கு இல கெடையாது."

"அப்ப அந்தக் கொடுவா மீன் தலைய இப்பிடித் தள்ளு" என்றான் பாலகுரு, ஓரமாக மூடி வைத்திருந்த சட்டியைக் காட்டி.

"ஆசையப் பாரு! அது அவங்களுக்கு எடுத்து வெச்சது."

யாரோ பெரிய உத்தியோகஸ்தர் சாப்பிட வருவார் போலிருக்கிறது என்று தையல்நாயகி நினைத்துக்கொண்டாள். இலை காலியாவதற்குள் அவள் கோபமும் பாதி காலியாகிவிட்டது. இவளோடு மல்லுக்கு நின்று என்ன ஆகப்போகிறது? இந்தக் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொண்டு போனால் புருஷன் தானாக வீட்டுச் சோற்றுக்குத் திரும்பிவிடுவான்.

"அக்கா, எனக்கு இந்தக் கொழம்பு வெக்கக் கத்துக் குடுப்பியா?" என்றாள். அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்கூட்டுக்காரரு நான் ஆக்கிக் குடுக்குற சோத்த யாருக்கோ குடுத்துட்டு, இங்க வந்து சாப்புடுறாருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

ரஞ்சிதத்துக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது.

"அடப் பாவி! கட்டுன பொண்டாட்டிய ஏமாத்திட்டு எங் கடையில வந்து குந்துறானா? பிரெஞ்சுக்காரன் கொடி எறக்குன வருஷம் தொறந்த கட இது. இத்தினி நாள்ல ஒருத்தர் குடும்பத்தக் கெடுத்தேன்னு பேரு வாங்குனதில்ல. யாரும்மா அவன்? பேரச் சொல்லு. பொண்டாட்டிக்குத் துரோகம் பண்றவனுக்கு இனிமே எங் கையால ஒரு பருக்க விழாது."

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை எந்த வாயால் சொல்வது?

"சரி சரி, சொல்லக் கூடாதுல்ல" என்று ரஞ்சிதம் சிரித்துவிட்டாள். "சாடையாச் சொல்லு. நான் கண்டுபுடிக்கிறேன்."

"வள்ளி தெய்வானைக்கு வாச்சவரு பேரு."

"முருகேசனா?"

"இல்ல."

"ஆறுமுகமா? அவன் அப்பிடிப்பட்ட ஆளு இல்லியே."

"அவரு இல்லக்கா."

"கந்தசாமி? வேலாயுதம்?"

இரண்டுக்கும் தையல்நாயகி இல்லை என்று தலையை ஆட்டினாள். "மில்லுல வேல. எடது புருவத்துல நீளமா ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும்."

ரஞ்சிதத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கண்ணையன் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

நெருங்கிவிட்டோம் என்ற உற்சாகம் தையல்நாயகிக்கு. "இன்னும் ஒரு பேரு இருக்கேக்கா. எல்லாரும் வெக்குற பேருதான். அது உனக்குத் தோணலியா?"

ரஞ்சிதம் அவள் கழுத்தில் கிடந்த, மஞ்சள் வெளுக்காத தாலிக்கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"தோணுது தங்கச்சி. அந்தப் பேர நானும் சொல்லக் கூடாது."