இருபத்து மூணாம் நம்பர் எச்சில்

முப்பது எச்சில் குப்பிகளில் இருபத்தொன்பது சரியாக வந்தன. இருபத்து மூணாம் நம்பர் மட்டும் காலை வாரிவிட்டது.

அதுவரை லேபில் ஒரே கூத்து. கணக்குப்புலி என்று எல்லோரும் கூப்பிடும் புள்ளிவிவரக்காரன், சரியாக வந்த ஒவ்வொரு நம்பருக்கும் சுழல்நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினான். ஐம்பத்தெட்டு வயது புரொபசர் அம்மா ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

விஞ்ஞானிக்குத்தான் கால் தரையிலேயே நிற்கவில்லை. விஞ்ஞானி என்பது வீட்டில் கேலிக்கு வைத்த பெயர், லேபிலும் ஒட்டிக்கொண்டது. மூணு வருஷம் நாயாய் உழைத்தவள். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்ந்து, மாதாமாதம் உயிரை எடுக்கும் நோய். வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். என்ன ஏது என்று தெரியாமல் டாக்டர் டாக்டராக அலைகிற பெண்கள் எத்தனையோ பேர். அதைக் கொஞ்சம் எச்சிலை வைத்தே கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பியவள் அவள்.

இருபத்து மூணு, நோயே இல்லாதவர்கள் வரிசையில் இருந்தது. மெஷினோ, இருக்கிற நோயாளிகளையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு அளவைக் காட்டியது.

"பதினோரு மணிக்குக் கமிட்டி வருது," என்றார் புரொபசர், ஆட்டத்தை நிறுத்திவிட்டு. "நல்லா இருக்கற ஒருத்தரை நோயாளின்னு காட்டினாலும் கடையைக் கட்டச் சொல்லிடுவாங்க. போன தடவையே எச்சரிச்சாச்சு. சும்மா இருக்கற வயித்தை யாராவது கிழிச்சுட்டா யார் பதில் சொல்றது?"

மணி பத்தே கால்.

"யாரு மேடம் அந்தப் புண்ணியவதி?" என்றான் கணக்குப்புலி.

புரொபசர் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். அப்புறம் விஞ்ஞானியைப் பார்த்தார்.

"உங்க அண்ணிம்மா."

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு ஆள் குறைகிறதே என்று கடைசி நேரத்தில் வீட்டிலிருந்தே பிடித்துப் போட்ட ஆள்.

அண்ணி மாதத்தில் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு சுருண்டுவிடுவார். அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு யாராவது வருவார்கள். அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டுவான். 'வேலைன்னு வந்தா மகராசிக்கு வலி வந்துடும்' என்பாள் அம்மா. அந்த வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

விஞ்ஞானிக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"மேடம், மெஷின் சரியாத்தான் சொல்லுது. தப்பு அண்ணி மேல. அவங்களுக்கு வலி உண்டு. ஃபாரத்துல மறைச்சிருக்காங்க."

"எதுக்கு மறைக்கணும்?"

"நோய் இல்லாதவங்களுக்கு மட்டும் ஒரு நீலத் தோள்பை குடுத்தோமே. அதுக்கு ஆசைப்பட்டு வாயில வந்ததைச் சொல்லியிருப்பாங்க. இருங்க, இப்பவே கேக்கறேன்."

"கேளும்மா. வலி உள்ளவங்கன்னா அந்த வரிசையில சேர்த்திருக்கவே கூடாது. டாக்டர் பார்த்து உறுதி பண்ற வரைக்கும் இருபத்து மூணைத் தள்ளி வச்சிடலாம்."

போன் இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"சொல்லுங்க விஞ்ஞானி. லேப் எரிஞ்சுபோச்சா?"

"அண்ணி, ஸ்பீக்கர்ல இருக்கீங்க, எல்லாரும் கேக்கறாங்க. மாசாமாசம் உங்களுக்கு வலிக்குமா, வலிக்காதா? உண்மையைச் சொல்லுங்க."

"நல்லா கேட்ட போ. பதினாலு வருஷமா உங்க வீட்டுல அதைத்தானே கத்திட்டிருக்கேன்."

"உங்க எச்சில்ல தெரியுது அண்ணி. நிஜமாவே நோய் இருக்கும் போல. டாக்டர் பார்த்தாதான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

 அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்க அடக்க அடங்காத சிரிப்பு.

"இன்னொரு தடவை சொல்லு."

"நோய் இருக்கும் போல அண்ணி."

"அப்போ நான் நடிக்கல."

"நடிக்கல."

"மெஷினே சொல்லிடுச்சா? இரு, உங்க அம்மா மாடியில துணி காயப்போடறாங்க, கூப்பிடறேன். உங்க அண்ணன் ஆபீசுக்கும் ஒரு போன் போடு. வேணாம், எழுதிக் குடு, சீல் வச்சு. ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டிடறேன்."

சிரிப்பு நடுவில் அழுகையானது, மறுபடி சிரிப்பானது. நோய் என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷியை அந்த லேப் பார்த்ததே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது.

"இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது மேடம்," என்று கணக்குப்புலி தலை கிறுகிறுக்கச் சுற்றினான். புரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஃபிரிட்ஜ் பக்கம் போனார்.

விஞ்ஞானியும் சிரித்தாள்தான். ஆனால் ஒரு கோபம் மட்டும் பாக்கி இருந்தது.

"அதெல்லாம் சரி அண்ணி. இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு ஃபாரத்துல ஏன் இல்லைன்னு பொய் சொன்னீங்க? ஒரு பைக்காகவா? எங்க மூணு வருஷ உழைப்பு இன்னைக்குக் குப்பைக்குப் போயிருக்கும்."

"நான் எங்கடி பொய் சொன்னேன்?" அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கோபமே இல்லை, இன்னும் சிரிப்புதான். "அன்னைக்கு என் கையெல்லாம் சோப்பு. நீதானே ஒவ்வொண்ணா படிச்சு டிக் அடிச்ச. வலி உண்டான்னு கேட்ட, மாசம் ரெண்டு நாள் உயிர் போயிட்டு வரும்னு சொன்னேன். 'இதெல்லாம் உங்க வழக்கமான டிராமா அண்ணி'ன்னு சொல்லிட்டு, 'இல்லை'ல டிக் அடிச்சது நீதான்."