உன் பக்கத்துக் கண்ணாடி

சுடுகாடு கண்ணில் படுவதற்கு முன்பே ராதாகிருஷ்ணன் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றத் தொடங்கிவிட்டான்.

கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கண்ணாடி முனகிக்கொண்டு மேலே வந்தது. பக்கத்து இருக்கையில் சீதாலெட்சுமியும் தன் கண்ணாடியை ஏற்றினாள். இடது கைதான் சுற்றியது. வலது கை வயிற்றைவிட்டு எடுபடவில்லை.

பிறகு இருவரும் கதவுகளை உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்கள்.

அது அவன் அம்மா இராஜம்மாவின் சட்டம். இன்று காலை கார் கிளம்பும்போதும் வாசலில் நின்று சொன்னாள்.

“பிள்ளைத்தாச்சி போற வண்டிடா. பொணத்தப் பொதைக்கிற எடம், எரிக்கிற எடம் எது வந்தாலும் கண்ணாடிய ஏத்திக்க. கண்டது ஏறி ஒக்காந்துக்கும்.”

ரப்பர் விலை விழுந்து துரைமார்கள் கப்பலேறிய வருடத்தில், அப்படிப் போன ஒரு துரையிடம் வாங்கிய கார் அது. அதை வாங்கிய நாளிலிருந்து தனியாகப் போனாலும் அவன் அப்படித்தான் செய்வான். இப்போதெல்லாம் அவன் நினைக்கக்கூட வேண்டியதில்லை. கை தானாகவே போய்விடும்.

சுடுகாட்டுப் புகை பின்னால் போனதும் கண்ணாடிகளை இறக்கினார்கள். கிள்ளான் ஆற்றின் ஈரக்காற்று உள்ளே வந்தது.

“அசையுதா?” என்று கேட்டான்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

ஏழாம் மாதம். நேற்று மாலையிலிருந்து வயிற்றுக்குள் ஓர் உதைகூட இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள், ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். விடிந்ததும் மாமியாரிடம் சொன்னாள். இராஜம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதனால்தான் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த ஓட்டம்.

இதே சாலையில் இரண்டு வருடங்களுக்கு முன்பும் ஒரு வாடகைக் கார் ஓடியது. அதில் வலிப்பு வந்த பச்சைக் குழந்தை இருந்தது. அவர்களுடைய தலைச்சன் பிள்ளை. சீதாலெட்சுமி ஜன்னியில் வீட்டில் கிடந்தாள். புருஷனும் மாமியாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

வழியிலேயே போய்விட்டதாம். வழியிலேயே புதைத்தும் விட்டார்களாம்.

எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. தலைச்சன் பிள்ளையைப் புதைத்த இடம் வெளியே தெரிந்தால் மந்திரவாதிகள் வசிய மை செய்வதற்காகத் தோண்டிவிடுவார்கள். பெற்றவள் வாயிலிருந்து நழுவினாலும் நழுவியதுதானே. அவளுக்கும் சொல்லக்கூடாது.

அவள் சண்டை போட்டுக் கேட்டாள். சாப்பிடாமல் கிடந்து கேட்டாள். அவன் தோளில் சாய்ந்திருந்த வேளையிலும் கேட்டாள். அவள் கேட்டு எதையும் மறுக்காத ராதாகிருஷ்ணன் அதற்கு மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான்.

பத்து தீகா என்ற ஊர் தாண்டியது. இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம்.

அவளைச் சிரிக்கவைக்க வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. பெண்ணாகப் பிறந்தால் உன் மூக்கு இருக்கட்டும், எது பிறந்தாலும் எங்கள் அம்மாவின் வாய் மட்டும் வேண்டாம் என்றான். அவள் உதடு லேசாக நெளிந்தது. அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனான்.

“ஒன் பக்கத்துக் கண்ணாடியையும் ஏத்திக்க, சீதா.”

சொன்ன பிறகுதான் தன் வலது கை கண்ணாடியைப் பாதி ஏற்றிவிட்டதைப் பார்த்தான்.

சீதாலெட்சுமி வெளியே பார்த்தாள்.

சுடுகாடு இல்லை. புகை இல்லை. வீடு, கோயில், ஆள் நடமாட்டம் ஒன்றும் இல்லை. வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள் மட்டும் நின்றன.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சாலையையே பார்த்தான். கைப்பிடியில் அவன் கை உறைந்திருந்தது.

அவள் தன் கைப்பிடியை மறுபக்கமாகச் சுற்றினாள். கண்ணாடி அடிவரை இறங்கியது.

“நிறுத்துங்க.”

கூடாது என்றுதான் நினைத்தான். வயிற்றில் இருப்பது உயிரோடு இருந்தால் அதையாவது காப்பாற்ற வேண்டும். ஆனால் அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை, காத்திருந்தாள். அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. பிரேக்கை மிதித்தான்.

தோட்டத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அவளுடைய நெற்றி மயிர் மட்டும் காரின் உட்புறம் நோக்கிப் பறந்தது.

அவள் அழவில்லை, இறங்கவும் இல்லை. இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள், பக்கத்து வீட்டுக்காரி தரும் பிள்ளையை வாங்கிக்கொள்பவளைப்போல. சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கைகளை மெல்ல உள்ளே இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

அவள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

ஓர் உதை.

மறுபடியும் ஒன்று. இந்த முறை அவன் விரல்களே எழும்பின.

ராதாகிருஷ்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முருகா, முருகா என்றான். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கினான். பிழைத்துக்கொண்டது என்றான். இனிப் பயமில்லை, டாக்டரம்மாவும் பார்த்துச் சொல்லட்டும் என்று காரைக் கிளப்பினான்.

சீதாலெட்சுமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தாள். முனகல் கேட்காமல், கொஞ்சம் கொஞ்சமாக. முழுவதும் ஏறியதும் கதவைப் பூட்டினாள்.

“ஆஸ்பத்திரி வேணாங்க. வீட்டுக்குத் திருப்புங்க,” என்றாள் தாழ்ந்த குரலில். “ரெண்டு வருசமா வெளியில நின்ன பிள்ளை.”