முடிஞ்சுது ராசா

போர்முனைக் கூடார ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து தீர்ந்த நாளிலிருந்து டொக்டருக்கு அருளப்புவின் கைகள்தான் மயக்கமருந்து. கால் வெட்டப்படுகிறவனின் வாயில் சீலை சுற்றிய கட்டையைத் திணித்து, மார்பில் ஏறி அமர்ந்து, தோள்களை மேசையோடு அழுத்திப் பிடிப்பார். கத்தி சதையை அறுத்து எலும்பைத் தொட்டதும் குனிந்து, "முடிஞ்சுது ராசா" என்பார். அவன் நம்பி மூச்சை விடுவான், இறுகிய உடம்பு தளரும். டொக்டர் அப்போதுதான் எலும்பறுக்கும் வாளை எடுப்பார். அந்தப் பொய் இல்லாமல் ஒரு காலும் ஒழுங்காகக் கழன்றதில்லை.

இன்று கூடார வாசலில் விழுந்து வெடித்த ஷெல் அருளப்புவின் வலக்காலைச் சிதைத்துவிட்டது. அவர் மார்பில் ஏறியவன், அவரிடமே வேலை பழகிய தயாபரன்.

"கட்டையைக் கடியுங்கோ அண்ணை."

கத்தி எலும்பைத் தொட்டது. தயாபரன் வாயைத் திறந்தான். அவர் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. திறந்த வாயை மூடிக்கொண்டான். வாள் இறங்கியதும் அருளப்பு மயங்கிப்போனார்.

அவர் கண் விழித்தபோது கால் வாளிக்குள் கிடந்தது. டொக்டர் இரத்தக்குழாயைக் கட்டி முடித்திருந்தார். தயாபரன் அழுதபடி குனிந்து சொன்னான்:

"முடிஞ்சுது அண்ணை."

அருளப்பு கட்டையைத் துப்பிவிட்டு அலறினார். தயாபரனைத் தூக்கி எறிந்தார். மிஞ்சிய துடையால் மேசையை ஓங்கி ஓங்கி அடித்தார். குழாயைக் கட்டிய நூல் அறுந்து இரத்தம் டொக்டரின் முகத்தில் பீறிட்டது.

"ஆளை அடக்கு! ஏதாவது சொல்லு!" டொக்டர் கத்தினார்.

மீண்டும் மார்பில் ஏறிய தயாபரன், வழுக்கும் தோள்களைப் பிடித்துக்கொண்டு, சொல்வதற்கு வேறொரு சொல்லைத் தேடினான்.